போவாசின் வயலும் மோகனூர் வயலும்

பிள்ளைகளுக்கு ஓர் ஊரைக் காட்டுதல் எளிது. ஊராரைக் காட்டுதல் அரிது. காவிரியின் வடகரையிலுள்ள மோகனூருக்கு மறைக்கல்வி மாணவரை அழைத்துச் சென்றால், காட்டுவதற்குக் குறைவில்லை. கரும்பு, வாழை, அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடிக்கால், பாய்க்கு உதவும் கோரை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஆகியன உண்டு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர் என்னும் பெருமையும் உண்டு. இவற்றை ஒரு பகலில் காட்டிவிடலாம்.

பயிர்களிடையே குனிந்து உழைக்கும் மனிதரை எவ்வாறு காட்டுவது? தமிழையும் தெலுங்கையும் உருதுவையும் தாய்மொழியாகக் கொண்டோர் இம்மாவட்டத்தில் தலைமுறைகளாக உடன் வாழ்கின்றனர். கோழிப்பண்ணைகளிலும் வெல்ல ஆலைகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பலர் பாடுபடுகின்றனர். "அவர்கள் யார்?" என்று பிள்ளை கேட்கும்போது நம் நாவில் முந்தி வருவது ஒரு சாதியின் பெயர், அல்லது 'வடக்கத்தியர்' என்னும் ஒற்றைச் சொல். அத்துடன் அறிமுகம் முடிந்துவிடுகிறது. பெயரறியாதவரை வெறுப்பது எளிது. 2023-இல் இதே மாவட்டத்தின் ஜேடர்பாளையம் பகுதியில் வெல்ல ஆலைத் தொழிலாளர் உறங்கிய கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டது. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

வேற்றுமைகளைச் சொல்லாமலே பிள்ளைகளை வளர்த்தால் என்ன என்று சிலர் கேட்பர். நாம் வாய் திறவாவிடினும், யாருக்கு எந்தக் குவளை, யாருக்கு எந்த வாசல் என்பதை வீட்டிலேயே பிள்ளை கற்றுக்கொள்கிறது. மௌனமும் ஒரு பாடமே.

ரூத்து நூலில் போவாசும் இவ்வினாவையே எழுப்பினார்: தம் வயலில் கதிர் பொறுக்கும் பெண் யார்? மோவாபு நாட்டவள் என்று விடை வந்தது. விலக்கி வைக்க அப்பெயரே போதுமானதாயிருந்தது. போவாசு அதை மறைக்கவுமில்லை, அதனோடு நின்றுவிடவுமில்லை. வேலையாள்கள் மொண்டு வைத்த தண்ணீரையே அருந்தச் சொன்னார். அறுவடை செய்வோரோடு அமர்த்தி உணவளித்தார். தண்ணீரும் பந்தியும்! இரட்டைக் குவளையையும், கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரையும் கண்ட நமக்கு அவற்றின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் செல்லும்போது உழைப்பாளரைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம், ஆசிரியராக்குவோம். கொடியை அகத்தியோடு இணைத்துக் கட்டுவது எப்படி, பாகு பதம் அடைந்ததை அறிவது எப்படி என்று பிள்ளைகள் அவர்களிடமே கேட்கட்டும். பெயரையும் ஊரையும் கேட்கட்டும். தங்கள் பெயரையும் சொல்லட்டும். கூலி எவ்வளவு என்ற வினா எழுந்தால், பெரியவர்கள் பேச்சை மாற்ற வேண்டாம். உண்ணும் வேளையில் எல்லாரும் ஒரே வரிசையில் அமரட்டும்.

இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி 1623-இல் இம்மாவட்டத்துச் சேந்தமங்கலத்திற்கு வந்தபோது, அயலாரான அவரை அங்கிருந்த நாயக்கர் வரவேற்றார். விருந்தோம்பலைப் பெற்ற திருச்சபை அதை வழங்கவும் கடமைப்பட்டது. மத்தேயு எழுதிய ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் ரூத்தின் பெயரும் இருக்கிறது. அன்று கதிர் பொறுக்க வந்த அயல்நாட்டுப் பெண், மீட்பரின் குலத்துக்கே தாயானாள்.