குணமும் நோயும்

சென்ற ஆண்டின் கார்காலத்தில் எம் நண்பரொருவரைக் காண்டற்பொருட்டுத் தாம்பரஞ் சானடோரியத்திற்குச் சென்றிருந்தேம். அவர் குரோம்பேட்டையில் வாழ்பவர். சிறார்க்குத் திருமுறைப் பண்ணிசை கற்பித்தலையே தொண்டாகக் கொண்டவர். காசநோய் பற்றியமையால் அங்குச் சேர்க்கப்பட்டிருந்தார். இயல்பிற் சினம் மிக்கவர். பண் வழுவினாற் பொறார். வழுவியவன் தம் மகனேயாயினும் விடார். கட்டிலருகே யாம் அமர்ந்தவுடன் அவர் கூறியது இது: "நேற்று வந்த சைவப்பெரியார் ஒருவர், 'உம்முடைய முன்கோபமே உமது நெஞ்சைத் தின்கின்றது, குணந் திருந்தினால் நோய் தானே நீங்கும்' என்று சொல்லிப்போயினார். அது சாத்திரமா? அன்றி அவர்தம் கருத்தா?"

அன்று யாம் தக்க விடை கூறிற்றிலேம். நோயாளியின்முன் தருக்கஞ் செய்தல் தகாதெனக் கருதி வேறு பேசி மீண்டேம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டகலவில்லை. நம் மடங்களினும் மன்றங்களினும் இவ்வாறு கூறுவார் பலராகலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தேம்.

முதற்கண், குணம் என்பது யாருடையது? சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களும் மூலப்பிரகிருதியினின்று தோன்றுவன, மாயாகாரியம், உயிரின் சொரூபம் அல்ல என்பது நம் சித்தாந்தத் துணிபு. தன்மம் முதலிய நான்கும் அவற்றின் மறுதலை நான்குமாகிய எட்டும் புத்தியின்கண் நிகழ்வனவாகவே கூறப்பட்டன. உயிரோ சார்ந்ததன் வண்ணமாந் தன்மைத்து. செம்மலரைச் சார்ந்த படிகஞ் சிவந்து தோன்றியதுகொண்டு படிகமே சிவப்பென்பார் உளரோ? ஆகவே, ஒருவரைச் 'சினத்தர்' என்னும்பொழுது அவர் உயிர் இதுபோது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்று கூறுகின்றேமேயன்றி, அவ்வுயிர் இன்னதெனக் கூறுகின்றேமல்லேம். இவ்வேறுபாட்டை மறந்து பேசுதல், சைவர் வாயினின்று வரினும், சைவமாகாது.

அற்றேல், குணத்திற்கும் உடம்பிற்கும் இயைபே இல்லையோவெனின், உண்டு. அவ்வியைபு எவ்வழியானது என்பதே வினா. இதனை ஆராய்தற்குச் சானடோரியத்தினுஞ் சிறந்த இடம் இந்நாட்டிற் பிறிதில்லை.

இங்கிலாந்திற் காசநோய் மருத்துவராய்ப் பெயர்பெற்ற டாக்டர் சவுரிமுத்து என்னுந் தமிழ்மகனார் 1928-ஆம் ஆண்டு அதனை நிறுவினார். கணிதமேதை இராமானுசன் 1914-இற் கப்பலேறியபொழுது உடன் சென்றவர் இவர். 1917-இல் அவர் நோயுற்றபொழுது மெண்டிப் மலைச்சாரலில் தம் மருத்துவமனையிற் சேர்த்துப் பார்த்தவரும் இவரே. மருந்தொன்றுங் கிட்டாத அந்நாளில், தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு, அமைதியான மனம் என்பனவே மருந்தாகக் கொள்ளப்பட்டன. அக்கொள்கைக்கேற்பவே நகரினின்று நீங்கிய அத்தாம்பரத்து வெளி தெரிந்துகொள்ளப்பட்டது. 1937-இல் அரசினர் அதனை ஏற்றனர். இன்று அது அரசு நெஞ்சகநோய் மருத்துவமனை; எனினும் மின்தொடர்வண்டி நிலையமும் ஊராரும் பழம்பெயரையே வழங்குகின்றனர்.

காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று செருமானிய அறிஞர் கோக் 1882-இற் காட்டிய பின்னரும், 'இன்ன மனப்பான்மையுடையாரையே அந்நோய் பற்றும்' என்னும் எண்ணம் நெடுநாள் நீங்கிற்றில்லை. இராமானுசரையே நோக்குக. உணவில் வழுவா நியமமுடையவர், தாமே சமைத்துண்டவர், பசியுந் துயிலும் மறந்து எண்ணங்களில் ஆழ்ந்தவர், போர்க்காலத்துக் காய்கறியும் அரிதாயிற்று. 'அவர் பிடிவாதமே அவரைக் கொன்றது' என்பாரும் உளர். ஆயினும், அவருக்கு உற்றது காசமே அன்று, இந்தியாவிலேயே முன்னர்ப் பற்றிய சீதபேதிக் கிருமி ஈரலிற் றங்கியதன் விளைவாதல் கூடுமென யங் என்னும் மருத்துவர் 1994-இற் காரணங்காட்டி எழுதினர். அஃதுண்மையாயின், அவருடைய குணத்தின்மேல் ஏற்றிய பழி யாதாம்? வயிற்றுப்புண்ணின் கதையும் இதுவே. கவலையுடையார்க்கே அது வருமென உலகமெல்லாம் நம்பியிருப்ப, அதற்குக் காரணமாங் கிருமியை ஆத்திரேலிய மருத்துவர் வாரனும் மார்சலும் 1982-இற் கண்டு, 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். அதற்குமுன் எத்துணை நோயாளர் 'கவலையை விடுக' என்னும் அறிவுரையை மட்டும் பெற்று மீண்டனரோ! விரைவும் பகைமையும் உடையார்க்கு நெஞ்சடைப்பு மிகுமென 1959-இல் அமெரிக்க மருத்துவர் இருவர் கூறிய கொள்கையும், பின்வந்த ஆராய்ச்சிகளில் அத்துணை உறுதிப்பட்டிலது.

இனி, எம் நெஞ்சிற் பெரிதும் பதிந்த செய்தி சென்னைச் சேத்துப்பட்டில் நிகழ்ந்தது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளர் ஒரு சாராரை மருத்துவமனையிற் கிடத்தியும், மற்றொரு சாராரை அவர்தங் குடிசைகளிலேயே இருத்தியும், இருசாரார்க்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். மருத்துவமனையிலிருந்தார்க்கு ஓய்வும் நல்லுணவும் அமைதியும் இருந்தன. உடலும் மிகுதியாகப் பருத்தனர். குடிசையிலிருந்தார்க்கோ நெருக்கமும் வறுமையும் வேலையும் கவலையும் இருந்தன. 1959-இல் முடிவு வெளிவந்தபொழுது இருசாராரும் ஏறத்தாழ ஒருபடித்தாகவே நலம்பெற்றிருந்தமை கண்டு மருத்துவ உலகம் வியந்தது. அமைதியான மனம் இனியதே. ஆயினும் கிருமியைக் கொன்றது மருந்து.

ஆண்டு மற்றொன்றுங் கண்டனர். மருந்தைப் பெற்றுச் செல்வார் அனைவரும் அதனை உண்பாரல்லர். ஆதலின், அறிவியாது வீடுசென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர். தம் கண்முன்னரே மருந்தை உண்பிக்கும் முறையை அந்நிலையத்தார் பின்னர் ஆராய்ந்து காட்டினர். அம்முறை உலகெங்கும் பரவிற்று. எவர் வழுவாது உண்பார், எவர் விடுவார் என்று நோயாளரின் தோற்றத்தையும் பேச்சையும் குணத்தையுங் கொண்டு மருத்துவர் முன்னறிந்து கூறுவது பெரும்பாலும் பொய்த்துவிடுகின்றது. சாந்தமே உருவானவர் மருந்தை மறப்பர். வாய்ச்சண்டைக்காரர் நாளும் தவறாது உண்பர். ஆகலாற் குணத்தை நோக்காது மாத்திரையை எண்ணுதலே மருத்துவர்க்கு முறையாயிற்று.

இங்கு ஒரு தடை எழும். 1921-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு சிறாரைக் குறித்து ஆராயத்தொடங்கி, அவர்தம் வாழ்நாள்முழுதும் பின்றொடர்ந்தனர். சிறுபருவத்திலேயே கருத்தும் ஒழுங்கும் உடையராயிருந்தோர் நெடிது வாழ்ந்தனரென 1993-இல் வெளிப்பட்டது. 'இது குணமே உடம்பை ஆள்கின்றதென்பதற்குச் சான்றன்றோ?' எனின், கூறுதும். அத்தகையோர் குடியும் புகையுங் குறைந்தனர். இடர்மிக்க செயல்களில் எண்ணாது புகார். அவை அந்நீட்டிப்பின் ஒரு பகுதியை விளக்கினவேயன்றி முழுதையும் விளக்கவில்லையென்பதை யாம் மறைக்கின்றிலேம். எனினும் அறிந்தவளவில், குணம் உடம்பைச் சென்று தாக்குவது செயல் என்னும் வாயிலானே. இதனை நம் நூல்வழக்கிற் கூறின், முன்னைவினைப் பயனாய் அமைந்த கருவிகளோடு கூடிய உயிர் இன்று செய்யும் ஆகாமியமே நம் கைக்கு எட்டுவது. பிராரத்தத்தை அளந்து கூறும் ஆற்றல் நம்மனோர்க்கு இல்லை. அதனைப் பிறன் கட்டிலருகே நின்று படித்துக்காட்டுவார், இறைவன் கையேட்டைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டாரைப் போல்வர்.

இவ்வாறு பிறர் வினையைப் படித்தலின் கொடுமை முற்றும் வெளிப்பட்டதும் அச்சானடோரியத்தின்கண்ணேயே. 1990-களில் எய்ட்சு நோயாளர் அங்கு மிகுதியாக வந்து சேர்ந்தனர். 'ஒழுக்கத்தால் வந்த நோய்' என்ற ஒருசொல்லால் உற்றாரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். அவருட் பலர் கணவரன்றிப் பிறரை அறியாத மனைவியர். சிலர் தாயினின்று நோய்கொண்டு பிறந்த குழவிகள். இவர்தங் குணத்தில் எக்குற்றத்தைக் காண்பது? 2004-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதனாள் இந்திய அரசு விலையின்றி மருந்து கொடுக்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. சாவை நோக்கிக் கிடந்தார் பலர் அம்மருந்தால் எழுந்து தம் தொழிலுக்கு மீண்டனர். அவர்க்கு வேண்டியிருந்தது குணத்திருத்தமன்று.

பெரியபுராணத்தை ஓதுவார்க்கு இது புதிதன்று. ஏயர்கோன் கலிக்காமனார் வன்றொண்டர்மேற் கொண்ட சினம் யாவரும் அறிந்தது. அவரைச் சூலை பற்றியது, இருவரையும் நட்பிற் கூட்டுதற்கு இறைவன் திருவுள்ளங் கொண்டமையான். சினத்தின் விளைவென்று சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். ஆயின், அந்நோயிடை அவர் செய்தது யாது? தீர்க்கவருவார் வன்றொண்டர் என்றறிந்து, அவரால் தீர்தலினும் மடிதலே நன்றெனத் தம் வயிற்றை உடைவாளாற் கிழித்தார். நோயைக் குணம் விளைத்திலது. நோயில் நடந்த நடையைக் குணம் விளைத்தது. அந்நடை தொண்டரின் திண்மையாய்ப் போற்றப்படுவதும் நோக்கற்பாலது.

திருச்செங்கோட்டில் ஆளுடையபிள்ளையாருடன் சென்ற அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுது, அஃது அந்நாட்டுப் பருவத்தின் இயல்பென்றே உரைக்கப்பட்டது. பிள்ளையாரும் எவரது குணத்தையும் வினவினாரல்லர். வினை என்று பாடியவிடத்தும் தம்மையும் உளப்படுத்தித் தன்மைப்பன்மையாற் பாடியருளினார். வினைக்கொள்கையைப் பிறர்மேல் எறியுங் கல்லாக்காது பேசும் முறை அப்பன்மையில் உள்ளது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் என்னும் நோயாற் கிடந்த கொல்லிமழவன் மகளுக்கும் அவர் செய்தது அருளேயன்றி ஆராய்ச்சியன்று.

பல்லாவரத்து மறைமலையடிகளை ஈண்டு மறத்தல் ஒல்லாது. 1911-இல் துறவு மேற்கொண்டு ஆண்டுக் குடிபுகுந்த அடிகள், பொருந்தும் உணவும் பொருந்தா உணவும் என்றும், யோகநித்திரை அல்லது அறிதுயில் என்றும் நூல்கள் இயற்றினார். மக்கள் நூறாண்டு வாழ்தற்காம் நெறியையும் விரித்தெழுதினார். மனம் உடம்பின்மேற் செலுத்தும் ஆற்றலில் அவர்க்கிருந்த உறுதி எமக்கு அத்துணை இல்லை. ஆயினும், அவர் நூல்களின் பயனுடைய பகுதி, உண்க, விடுக, செய்க என்னும் ஏவல்களாகவே நிற்றல் காண்க. செயலைத் திருத்துவான் புகுந்த ஆசிரியர் அவர்.

எம் நண்பரிடம் இரண்டு கிழமை கழித்து மீண்டுஞ் சென்றேம். "அது சாத்திரமன்று" என்றேம். அவர் சிறிது வாளாவிருந்து, அப்பெரியார் சொல்லைக் கேட்டபின், குணமே நோயாயின் மருந்தெதற்கென்று மாத்திரைகளைத் தலையணைக்கீழ் மறைத்துவைத்த செய்தியைச் சொன்னார். நான்கு நாள் மாத்திரைகள். செவிலி கண்டு கடிந்துகொள்ள, இவரும் அவரைக் கடிந்து பேசி, பின்னர் அவர் கண்முன்னரே விழுங்கினாராம்.

ஆறு திங்கள் முடிந்து சளியிற் கிருமியில்லையென்று அறிந்தபின், சென்ற மாதம் அவர்தம் இல்லத்திற்குச் சென்றேம். திண்ணையிற் சிறார் எழுவர் இருந்தனர். ஒருவன் காந்தாரப் பண்ணில் வழுவினான். தெருமுனைவரை கேட்கும்படி அவனைக் கடிந்துகொண்டிருந்தார்.