குனிந்த லிங்கமும் குனிந்த முதுகும்

திருப்பனந்தாள் சடையப்பர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. தாடகை என்கிற பெண் மாலையோடு சாமி முன்னால் நிற்கிறாள். சேலை நழுவுகிறது. மாலையைக் கீழே வைக்க மனமில்லை, முழங்கையால் சேலையை இடுக்கிக்கொள்கிறாள். கையை உயர்த்த முடியவில்லை. லிங்கமே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டதாம். சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றது சோழராசாவுக்குப் பொறுக்கவில்லை. யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிரவில்லை. கடைசியில் திருக்கடவூர் குங்கிலியக்கலயர் தன் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்ததும் நிமிர்ந்ததாம்.

ஒரு கல் சாய்ந்ததற்கு ராசாவும் யானையும் நாயனாரும் ஓடி வந்தார்கள். அதே காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாக வயலில் குனிந்த சேரிப் பெண்களின் முதுகை நிமிர்த்த யார் வந்தார்கள்? கிண்டலுக்காகக் கேட்கவில்லை. இடுப்பு வலி உடம்பின் சங்கதி மட்டும்தானா, நியாயத்தின் சங்கதியும்தானா என்பதே நம் கேள்வி.

முதலில் உடம்பைப் பார்ப்போம். நாத்துப் பறி, நடவு, களை, அறுப்பு எல்லாமே குனிந்து செய்கிற வேலை. இடுப்பிலிருந்து முழுசாக மடிந்து குனியும்போது முதுகுத் தசை ஓய்ந்துவிடுகிறது. பாரமெல்லாம் எலும்போடு எலும்பைப் பிணைக்கிற நார்கள் மேலும் இடையிலுள்ள வட்டுகள் மேலும் இறங்குகிறது. நேரமாக ஆக நார் இழுபட்டுத் தளர்கிறது. நிமிர்ந்த உடனே பழைய நிலைக்கு வராது. "கரையேறுனதும் இடுப்பு பேசாதுப்பா, வரப்புல கைய ஊனிக்கிட்டுதான் நிக்கணும்" என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்வது இதைத்தான்.

பெரும்பாலான இடுப்பு வலிக்கு இன்ன நோய் என்று ஒன்றைக் காட்ட முடியாது. புதிதாக வந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். படுத்தே கிடப்பதைவிட முடிந்த அளவு நடமாடுவது நல்லது. நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் வலியைப் பற்றி விளக்கிச் சொல்வதையும் ஏற்கிறது. இடுப்புப் பட்டையை ஏற்கவில்லை. கால் மரத்து வலுவிழந்தாலோ, மூத்திரம் மலம் அடங்காமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் கண்டாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றில் தினம் வலி மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

இதெல்லாம் சரி. ஆனால் "இனிமே குனியாதீங்கம்மா" என்று சொல்கிறபோதுதான் மருத்துவம் நியாயத்தில் போய் முட்டுகிறது. "குனியாம எப்புடி டாக்டரய்யா சோறு திங்கிறது?" என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன பதில்? நடவு இன்றைக்குப் பல இடங்களில் மாவுக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கிற வேலை. ஒருத்தி கொஞ்சம் நிமிர்ந்தால் அவள் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் நட வேண்டும். அங்கே காரியக்காரர் நின்று அதட்டத் தேவையில்லை. கூலிக் கணக்கே அதட்டுகிறது.

அதட்டலுக்குச் சரித்திரம் உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் இந்தத் தஞ்சை மண்ணில் நடந்தவை. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் சங்கமாக நிமிர்ந்ததும்தான் குற்றம். வயலில் குனிந்த முதுகு தெருவிலும் குனிய வேண்டும் என்பதே ஆண்டைகள் எழுதாமல் வைத்திருந்த சட்டம்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த கூலிகளுக்குக் குட்டைக் காம்பு களைக்கொத்து கொடுத்தார்கள். அதைப் பிடித்தால் நாள் முழுக்கக் குனிந்தே தீர வேண்டும். நீளக் காம்பு போட்டால் பயிர் கெடும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினார்கள். நிமிர்ந்து நிற்கிறவன் தூரத்திலிருந்தே தெரிவான் என்பது மேஸ்திரிக்கு வசதி. தொழிலாளர்கள் வழக்காடி 1975இல் அந்தக் கருவியைத் தடை செய்ய வைத்தார்கள். விவசாயம் அழிந்துவிடவில்லை. குனிவு பயிரின் தேவை என்று நமக்குச் சொல்லப்படுவதில் எவ்வளவு பயிருக்கு, எவ்வளவு அதிகாரத்துக்கு என்று பிரித்துப் பார்க்க அது ஒரு பாடம்.

"அப்ப மிஷின் வந்தாச் சரியாப் போச்சே" என்பார்கள். டெல்டாவில் நடவு மிஷின் வந்துதான் இருக்கிறது. வலியைக் கொண்டுபோன மிஷின் கூலியையும் கொண்டுபோகிறது. நிலமில்லாதவளுக்கு முன்னால் வலியையும் பட்டினியையும் வைத்து ரெண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்பது நிவாரணம் ஆகாது. மிஷினுக்குச் சொந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆகவே இடுப்பு வலியைச் சங்கக் கோரிக்கையாக எழுதுவோம். அரை மணிக்கு ஒருதரம் கூலி பிடிக்காமல் நிமிர்ந்து இளைப்பாற நேரம் வேண்டும். ஒரு மாவுக்குக் கூடுதல் ஆள் வேண்டும். நின்றபடி தள்ளுகிற களைக் கருவியும் நடவு மிஷினும் பெண்கள் குழுவின் பேரில் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அது ஊர்த்தெருவோடு நிற்காமல் சேரிக்குள்ளும் வருகிறதா என்று போய்க் கேட்போம். கேட்கப் போகிறபோது அந்தப் பெண்களையே முன்னால் நிறுத்துவோம்.