நோன்பும் நெஞ்சின் துப்புரவும்

 

ரமளான் நெருங்கிவிட்டால் நம் மிம்பர்களில் ஒரு செய்தி தவறாமல் ஒலிக்கிறது. ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் நம்முடைய நோன்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றாராம். நோன்பு வைப்பவருக்கு இதய நோயே அண்டாதாம். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் நாமும் அப்படியே பயான் செய்தோம். எங்கோ கேட்டதை விசாரிக்காமல் சொன்னோம்.

அதைக் கேட்டவர்களில் டேனரியில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து சாப்பிட்டு வந்தவர். நோன்பே நெஞ்சைக் கழுவிவிடும் என்றால் மாத்திரை எதற்கு என்று முதல் நோன்பிலேயே நிறுத்திவிட்டார். பதினோராம் நோன்பன்று மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தார். பார்க்கப் போன நம்மிடம், "ஹஜ்ரத், நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் நம்மை இன்றும் உறுத்துகிறது. அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

உண்மை என்ன? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தனக்குள் பழுதான பொருள்களைப் பொட்டலமாகக் கட்டி, லைசோசோம் என்னும் சிறு பைக்கு அனுப்பிச் சிதைத்து, பயன்படுவதை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. 1963-ல் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் இதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னைத்தானே உண்ணுதல் என்று பெயரிட்டார். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, உணவின்றி வாடும் ஈஸ்டில் இது நடக்கும் விதத்தையும் இதற்கு வேண்டிய மரபணுக்களையும் கண்டறிந்து 2016-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டை, ரமளான் நோன்பையல்ல.

இதயத்துக்கு இந்தத் துப்புரவு மிகமிக வேண்டியது. தோலின் மேற்புறம் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். இதயத்தின் தசை உயிரணுக்களோ இளம் வயதிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 100-க்கு 1 என்ற அளவில்தான் புதிதாகின்றன; முதுமையில் அதுவும் குறைகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் அந்த உறுப்பு, பழைய உயிரணுக்களையே பழுது நீக்கிக் காலம் தள்ள வேண்டும். அவற்றின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிரப்பியிருப்பவை சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள். அவை பழுதாகித் தேங்கினால் நச்சுப் பொருள்கள் கசிந்து தசையைக் கெடுக்கும். டேனன் நோய் என்று ஒன்றுண்டு. லைசோசோமுக்குத் தேவையான ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாததால் குப்பை தேங்கி, இளம் வயதிலேயே இதயத்தசை தடித்துப் பலவீனமாகிவிடும்.

ஆனால் இதே துப்புரவு அளவு மீறினாலும் ஆபத்துண்டு. இதயத்தின் மேல் அழுத்தம் கூடும்போதும், அடைபட்ட இரத்தக் குழாய் மீண்டும் திறக்கும்போதும் மிதமிஞ்சிய ஆட்டோஃபேஜி உயிரணுவையே அழிக்கக்கூடும் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லாவற்றையும் அளவோடு படைத்த ரப்பின் ஏற்பாடு இது.

தோல் தொழிலில் வாழும் நமக்கு இது புரியாததல்ல. தோலைப் பதனிட்டால் கழிவு வரும். அது பாலாற்றில் கலந்து கிணறுகளைக் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் அறிவோம். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதி தேங்கிய தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள். கழிவை அன்றாடம் அகற்றாமல் தேக்கி வைத்தால் ஒருநாள் சுவர் தாங்காது. உயிரணுவுக்கும் இதே நியதிதான்.

அப்படியானால் நோன்பால் பயனில்லையா என்று கேட்பீர்கள். பட்டினி ஆட்டோஃபேஜியைத் தூண்டுவது உண்மையே. உடலுழைப்பும் தூண்டுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். எனினும் உயிரோடிருக்கும் மனித இதயத்துக்குள் அதை அளந்து பார்ப்பது எளிதல்ல. ஈஸ்டிலும் எலியிலும் கண்டதை வைத்து, மாத்திரையை விடலாம் என்று தீர்ப்புச் சொல்ல எந்த ஆலிமுக்கும் உரிமையில்லை. நாம் நோன்பு நோற்பது இறையச்சம் பெறுவதற்காக. நோபல் பரிசுக்காக அல்ல. நாளை விஞ்ஞானம் வேறு சொன்னால் நோன்பை விட்டுவிடுவோமா? சத்திய தீனுக்குப் பொய்ச் சாட்சி தேவையே இல்லை. மிம்பர் ஓர் அமானிதம்.

நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே. நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே அச்சலுகையும் கூறப்பட்டுள்ளது. ஆகவே இதய நோயாளிகள் ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்பதை அவரே சொல்லட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் நோன்பை முறித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நலம் பெற்றபின் களாச் செய்யலாம். நலம் பெறும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். விவரத்தை உங்கள் மத்ஹபின் உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நலமாயிருப்பவர்களும், பகலெல்லாம் வயிற்றைக் காயவைத்துவிட்டு மஃரிபுக்குப் பின் வடையும் சமோசாவும் பிரியாணியுமாக அடைப்பது முறையா என்று யோசியுங்கள். வயிற்றில் மூன்றிலொரு பங்கைக் காலியாக விடக் கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

இன்னொன்றும் சிந்தியுங்கள். உயிரணு தன் துப்புரவுக்காக ரமளான் வரை காத்திருப்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்கிறது. கல்பில் சேரும் பொறாமை, பகைமை, பிறர் கூலியில் வைத்த பாக்கி ஆகிய அழுக்குகளை மட்டும் ஏன் ஆண்டு முழுதும் தேக்கி வைக்கிறோம்? பாவமே இல்லாத நபி (ஸல்) அவர்கள் நாளொன்றுக்கு எழுபது முறைக்கும் மேல் இஸ்திஃபார் செய்தார்கள். நாமோ நம் பிழையை ஒப்புக்கொள்ளவே ஆண்டுக்கணக்கில் தயங்குகிறோம். தவறாகச் செய்த அந்தப் பயானுக்காக, அதே மிம்பரில் நின்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் நம் நெஞ்சு இலேசானது.

அப்பெரியவர் இப்போது மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். மருத்துவர் தடுத்துவிட்டதால் ஃபித்யா கொடுத்துவிட்டு, அஸருக்குப் பின் பள்ளிக்கு வந்து நோன்பாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார். அவருடைய நற்கூலி நம்முடையதைவிடக் குறைவென்று யார் சொல்ல முடியும்?

யா அல்லாஹ்! எங்கள் உடலின் நெஞ்சுக்கு நலத்தையும், உள்ளத்தின் நெஞ்சுக்குத் தூய்மையையும், எங்கள் நாவுக்கு உண்மையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.