அரிச்சந்திரன் வேடமும் நடிகனின் வாய்மையும்

தமிழ் இசை நாடக மேடையில் வாழ்நாளைக் கழித்தவர்கள், அங்கே தாங்கள் பட்ட அடியையும் பசியையும் அவமானத்தையும் பிற்காலத்தில் மனம்விட்டுச் சொல்ல முற்படும்போது, சோறு போட்டுத் தொழிலும் கற்றுக்கொடுத்த இடத்தைப் பற்றி அப்படிப் பேசலாமா என்ற கேள்வி உடனே குறுக்கே வந்து நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நாகரிகம் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த இரண்டு கடமைகள், அதாவது செய்ந்நன்றி மறவாமையும் வாய்மையும், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இது பிறக்கிறது.

இசை நாடகம் என்பது கதையின் பெரும்பகுதி பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதற்கு இன்றும் வழங்கும் வடிவத்தைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்ட பாலர் குழுக்களில், பேச்சுவழக்கில் ‘பாய்ஸ் கம்பெனி’களில், புகழ்பெற்ற ஒன்று. இத்தகைய கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததற்குக் கலை ஆர்வத்தைவிடக் குடும்ப வறுமையே பெரும்பாலும் காரணமாக இருந்தது. பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கப்பட்ட பிறகு, உணவு, உறக்கம், பாடம், தண்டனை ஆகிய அனைத்தும் கம்பெனியின் கைக்குள் அடங்கின. வாத்தியாரின் பிரம்பு பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. ஒலிபெருக்கி வராத காலத்தில், கொட்டகையின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமென்று, ஐந்து கட்டைச் சுருதியில் பத்து வயதுப் பையன் விடியும்வரை பாடினான். (ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிப்பது நாடகக்காரர் வழக்கம்.) பிறகு ஒருநாள் மகரக்கட்டு வந்தது, அதாவது பருவ வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்தது. நேற்றுவரை ராஜபார்ட்டாக, கதையின் தலைமை வேடத்தில், கைதட்டல் வாங்கியவனுக்கு இன்று சேவகன் வேடம் கிடைப்பதே அரிதாயிற்று. உடலின் இயல்பான வளர்ச்சியே தொழிலில் குற்றமாகிவிடும் இந்த நிலையை இங்கே மிகக் கூர்மையாகக் காணலாம்.

இதே மேடையில் விரும்பிக் கேட்கப்பட்ட நாடகங்களில் ஒன்று அரிச்சந்திரன் கதை என்பது கவனிக்கத்தக்கது. சொன்ன சொல்லைக் காப்பதற்காக மனைவியையும் மகனையும் விற்று, தானும் சுடலை காப்பவனாகி, பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்துவந்த மனைவி சந்திரமதியிடமே சுடலைக் கூலி கேட்கும் மன்னனின் வாய்மை, கொடுத்த வாக்குக்குக் கட்டுப்படும் வாய்மை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவனை அண்டியிருப்பவர்கள். திருக்குறளின் முப்பதாம் அதிகாரம் வேறொரு வாய்மையை முன்வைக்கிறது. பிறருக்குத் தீங்கு சிறிதும் விளைக்காத சொல்லே வாய்மை என்று வரையறுத்து, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றுகூட அது இசைகிறது. நாடகக் கம்பெனி தன் நடிகரிடம் எதிர்பார்த்தது முதல்வகை வாய்மையை, அதாவது ஒப்பந்தத்துக்கு அடங்கியிருப்பதை. பட்டதைச் சொல்ல வரும் நடிகர் நிற்பது இரண்டாம் வகையின் எல்லைக்குள்; ஆகவே அவருடைய சொல் யாருக்குத் தீங்கு செய்கிறது, அவருடைய மௌனம் யாருக்குத் தீங்கு செய்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

அழகியல் கோட்பாடும் இந்த மௌனத்துக்குத் துணைநிற்பதாகத் தோன்றலாம். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதிய காஷ்மீர அறிஞர் அபிநவகுப்தர், ரசம், அதாவது கலையால் எழும் சுவையனுபவம், காண்பவரிடத்தில்தான் நிகழ்கிறதே தவிர நடிகரிடத்தில் அன்று என்று வாதிட்டார். மதுவை ஏந்திய கலம் மதுவைச் சுவைப்பதில்லை என்பது அவர் காட்டிய உவமை. சுவை எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு இது நுட்பமான விடைதான். ஆனால் கலத்துக்குச் சுவை இல்லை என்பதிலிருந்து கலத்துக்கு வலியும் இல்லை என்று முடிவுகட்டுவது கோட்பாடு சொல்லாத ஒன்று. அபிநவகுப்தர் மீது அந்தப் பழியைச் சுமத்துவதும் நியாயமாகாது. சந்திரமதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விட்ட கூட்டம், அந்தப் பாட்டைப் பாடிய பையனின் முதுகில் இருந்த தழும்பைப் பற்றி எதுவும் கேட்காமலே வீடு திரும்ப முடிந்தது என்றால், அதற்குக் காரணம் ரசக் கோட்பாடன்று. மேடைத் துயரத்துக்கு அழுதுவிட்ட மனம், இரக்கத்தின் கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே.

நன்றி என்னும் வாதம் இதைவிடக் கடினமானது. குறளின் பதினோராம் அதிகாரம் நன்மையை மறப்பது நன்றன்று என்பதோடு நில்லாமல், தீமையை அப்போதே மறந்துவிடுவது நன்று என்கிறது. கொன்றதற்கு ஒப்பான கொடுமையைச் செய்தவராயினும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அக்கொடுமை இல்லாமற்போகும் என்றும் சொல்கிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், பழைய கம்பெனியைப் பற்றி வாய்திறக்கும் நடிகர் குறளுக்கே மாறாக நடக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஆயினும் இந்த அறவுரை பாதிக்கப்பட்டவரின் மனத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. பகை அவரையே அரித்துவிடாமல் காப்பது அதன் நோக்கம். தனக்கு நேர்ந்ததை மன்னிக்க ஒருவருக்கு உரிமை உண்டு; தன்னைப் போலவே அடிபட்ட அடுத்த பையனின் சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமை இல்லை. மேலும் அதே நூல் பொருட்பாலில், செங்கோன்மை அதிகாரத்தில், குற்றத்தை ஆராய்ந்து யாரிடத்தும் சாயாமல் முறைசெய்ய வேண்டும் என்று ஆள்பவருக்கு விதிக்கிறது. எல்லாரும் மறந்துவிட்டால் ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

நன்றியும் வாய்மையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்குத் தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ நல்ல சான்று. ஆறு வயதில் சுவாமிகளின் சபையில் சேர்ந்த அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். அந்த வியப்பும் பக்தியும் நூலில் குறையாமல் இருக்கின்றன, கம்பெனி வாழ்க்கையில் சிறுவர் பட்ட சிரமங்களும் இருக்கின்றன. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை. ஆனால் சண்முகம் அதை எழுதியபோது பெரும்புகழ் பெற்ற நடிகர். வறுமையால் பாலர் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர். தம் இளமையைப் பற்றி ‘நான் ஏன் பிறந்தேன்’ தொடரில் எழுதியபோது தமிழ்நாட்டில் அவரை அறியாதவர் இல்லை. வென்றவரின் துன்பக்கதை வெற்றிக்கு முன்னுரையாகப் படிக்கப்படுவதால், அதில் யாருக்கும் சங்கடம் நேர்வதில்லை. மகரக்கட்டோடு மேடையை விட்டு வெளியேறி ஊர்திரும்பிய பிள்ளைகள் நூல் எழுதவில்லை.

சாதியால் வந்த அவமதிப்பு இன்னொரு வகை. முருகன் வேடத்திலேயே வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பாடிப் பலமுறை சிறைசென்ற விசுவநாததாஸ், மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்தும் தொழிலுக்குரிய சாதியில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் மறுத்தனர். 1940 டிசம்பர் 31 அன்று ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர்நீத்தார். தெய்வமாக வந்து நின்றவரைக் கும்பிடுவதும், வேடம் கலைந்ததும் அவரை விலக்குவதும் ஒரே சமூகத்துக்குக் கைவந்தது.

இன்று மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்தில், வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே இரவுக்கு ஒன்றுகூடுகிறார்கள். கோயில் திருவிழாவில் நேர்த்திக்கடனாக நடத்தப்படும் இந்நாடகம், நம்பிக்கையின்படி அம்மனுக்கு முன்னால் நடக்கும் வழிபாடு. முன்னிரவில் பபூனும் (கோமாளி) டான்ஸ்காரியும் மோதி வழக்காடும் பகுதியில், கூட்டத்திலிருந்து வரும் ஆபாசச் சொற்களுக்கும், அன்பளிப்பு என்ற பெயரில் ரூபாய் நோட்டோடு மேடையேறும் கைகளுக்கும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு ஈடுகொடுக்க வேண்டும். இவள் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், சொன்னது குற்றச்சாட்டாக ஏற்கப்படாமல், நாடகக்காரி என்றால் இப்படித்தான் என்ற பழைய ஏளனத்துக்குச் சாட்சியாக மாறிவிடும். மகளின் கல்யாணப் பேச்சில் அது திரும்பவந்து நிற்கும். குற்றமற்ற நன்மைக்காகப் பொய்யையும் பொறுத்துக்கொள்ளும் குறளின் வாய்மை, இவளுடைய மௌனத்தையும் பொறுத்துக்கொள்ளும் என்றே கொள்ள வேண்டும். சொல்லியாக வேண்டும் என்ற கடமை எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. சொல்லியும் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்மேல் அது கூடுதலாகவும், விழாவுக்குப் பணம் வசூலித்து, இரவு முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஊர்ப் பெரியவர்கள்மேல் எல்லாரையும்விட மிகுதியாகவும் விழுகிறது.