நமக்குப் பிறகு யார்?

நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை விமானத்திலிருந்து நேரில் பார்த்தவர் பிரிட்டிஷ் விமானி லெனார்ட் செஷையர். அவரும் மனைவி சூ ரைடரும் 1959-இல் டேராடூனில் ‘ராஃபேல்’ இல்லத்தைத் தொடங்கினார்கள். தொழுநோயாளிகள், அவர்களுடைய பிள்ளைகள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. கடல் கடந்து வந்து செய்தார்கள்; பெரிய மனசுதான். அப்படி ஓர் ஆதரவு நம் ஊரிலும் தேவைப்படுகிறது.

நெய்வேலியில் பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாவியை ஒப்படைக்கும் அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி, அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயது மகன் நிற்கும் வீடுகளும் உண்டு. பெற்றோர் போனபின் அவனும் அநாதைதானே? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அவனுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். தெம்பு இருக்கும்போதே கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் மனு கொடுத்துவிடுங்கள்.