பதினாறில் ஒரு புள்ளி

கிராஃபிக்ஸ் கார்டின் திறமையை நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணித்தான் சொல்வது வழக்கம். அதற்கு உரைகல்லாக நிற்பது 2020 டிசம்பரில் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ என்ற கணினி விளையாட்டு. ஒளி எங்கெங்கே பட்டுத் தெறிக்கிறது என்பதைக் கணக்கிடும் பாத் டிரேசிங் 2023-ல் அதில் சேர்ந்தது. 4கே திரையில் அதைக் குறுக்குவழி இல்லாமல் ஓட்டினால், 16,384 கோர்களும் 450 வாட் பசியும் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு கூட 20 ஃப்ரேமை ஒட்டியே தள்ளாடும். 2025-ல் வந்த 5090, டிஎல்எஸ்எஸ் 4 என்ற நியூரல் நெட்வொர்க் நுட்பத்தின் துணையோடு 200-ஐத் தாண்டுகிறது.

அந்த ஃப்ரேம்கள் மெய்யா பொய்யா என்ற வழக்குக்கு இந்தத் துணைதான் காரணம். இதன் ஓர் அமைப்பில் கார்டு ஒரு ஃப்ரேமின் புள்ளிகளில் கால் பங்கை மட்டும் கணக்கிடும். மீதியை நியூரல் நெட்வொர்க் நிரப்பும். பிறகு அப்படிப்பட்ட இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே மூன்றை அதுவே வரைந்து செருகும். ஆக 16 புள்ளிகளில் ஒன்றுதான் விளையாட்டின் உலகத்திலிருந்து வந்தது.

கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் நிலங்களில் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1970-களில் தொடங்கிய பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்த வழக்குக்குத் தனிச் சுவை உண்டு. பகலில் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிப்பவரே இரவில் அதன் படைப்பை ‘ஃபேக் ஃப்ரேம்’ என்று ஏசுவது அங்கே நடக்கக்கூடியதே.

எது மெய் என்பதற்கு 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி கறாரான அளவுகோல் தந்தார்: காரியம் ஆற்ற வல்லதே உள்ளது. கானல்நீர் தாகம் தீர்க்காது, ஆகவே அது நீர் அல்ல. செருகிய ஃப்ரேம் கண்ணுக்கு வழுவழுப்பைத் தருகிறது; அந்தக் காரியம் நடக்கிறது. ஆனால் அது தெரியும் நேரத்தில் விசையை அழுத்தினால் பலன் அதில் ஏறாது. அடுத்த ஃப்ரேமை முன்பே கணக்கிட்டு, காட்டாமல் நிறுத்திவைத்தபின் இடைவெளியில் வரைந்த படம் அது. நிகழ்காலம்போல் தெரிவது உண்மையில் சற்றுத் தாமதித்த கடந்தகாலம். கண்ணுக்கு மெய், கைக்குப் பொய் என்பதே நேர்மையான தீர்ப்பு.

சைவ சித்தாந்தம் கேள்வியை வேறு பக்கம் திருப்பும். 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எல்லாம் கணந்தோறும் அழியும் என்ற பௌத்தரின் கணபங்கக் கொள்கையை மறுக்கிறார். அறிவு கணந்தோறும் அழிந்தால் முன்னதையும் பின்னதையும் சேர்த்து அறிவது யார் என்பது அந்த மறுப்புக்கு அடிப்படையான வினா. திரையில் கணக்கிட்ட ஃப்ரேமும் அசையாத படமே. ஓட்டம் நிகழ்வது காண்பவரிடத்தில். அந்த வகையில் ‘ஃபேக்’ என்ற வசை பாதி வலுவிழக்கிறது.

மீதிப் பாதியைக் கை காப்பாற்றுகிறது. கணக்கிட்ட ஃப்ரேம் நொடிக்கு 60 என்றால் இரண்டுக்கு இடையே 16.7 மில்லிசெகண்ட், 20 என்றால் 50. நடுவில் எத்தனை படம் செருகினாலும் அந்த 50 குறையாது. நின்று நகரத்தை வேடிக்கை பார்ப்பவருக்கு இது உறைக்காது, குறிபார்த்துச் சுடுபவருக்கு உடனே உறைக்கும்.