நினைவு என்னும் கடமை

மாண்டாரை நினைந்து வருந்துவது மக்கள் இயல்பு. ஆனால், பிறர் வன்செயலால் மாண்டாரை நினைக்கும்போது கண்ணீரோடு சினமும் எழுகின்றது. அச்சினம் சிதறிக் கிடப்போரையும் விரைவில் ஒன்றுசேர்க்க வல்லது. எனினும், பகைவன் ஒருவனை முன்னிறுத்தித் தோன்றும் ஒற்றுமை உண்மையான ஒற்றுமையாகுமா?

1988-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், இலண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற பான் அமெரிக்கன் 103 விமானம், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்னும் சிற்றூரின்மேல் வெடிகுண்டால் சிதறியது. விமானத்திலிருந்த 259 பேரும், ஊரில் இருந்தோருள் 11 பேரும் உயிரிழந்தனர். மாண்டோருள் 35 பேர், அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் நடத்திய வெளிநாட்டுக் கல்வித் திட்டத்தில் பயின்றுவிட்டு வீடு திரும்பிய மாணவர்கள்.

பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நினைவுச்சுவர் ஒன்றை எழுப்பியது. ஆனால், கல்லை நட்டதோடு கடமை முடிந்ததென்று அது கருதவில்லை. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் 35 பேரைத் தேர்ந்து உதவித்தொகை வழங்குகின்றது. அவர் ஒவ்வொருவரும் மாண்டவருள் ஒருவரின் வாழ்வை அறிந்து, அவர் சார்பில் நினைவு வாரத்தை நடத்துகின்றனர். புல்வெளியில் 35 நாற்காலிகள் விமான இருக்கைகளைப்போல் வரிசையாக இடப்படுகின்றன. இன்று அங்குப் பயில்வோருள் பெரும்பாலோர் அந்நாளில் பிறந்தே இலர். ஆயினும், காணாத ஒருவருக்காக அவர்கள் கடமை ஏற்கின்றனர்.

கொன்றவரை மறந்துவிடுவதா என்று சிலர் வினவலாம். அன்று, நீதி வேண்டியதே. 2001-இல் வழக்குமன்றம் ஒருவரைக் குற்றவாளியென்று தீர்ப்பளித்தது, மற்றவரை விடுவித்தது. குற்றத்தை ஆராய்வது வழக்குமன்றத்தின் பணி. நினைவின் பணி வேறு. வெடிகுண்டு வைப்பவன் பயணிகளைப் பெயரற்ற கூட்டமாகவே எண்ணுகின்றான். சினம் மட்டுமே கொண்டோரும் கொலைஞனின் பெயரை நினைவில் வைத்து, மாண்டோரை எண்ணிக்கையாக்கி விடுகின்றனர். ஒவ்வொருவரையும் அவரவர் பெயரால் நினைப்பதே அக்கொடுமைக்கு நேர்மாறான செயலாகும்.

லாக்கர்பி மகளிர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். தம் ஊரே துயரில் மூழ்கியிருக்க, சிதறிக் கிடந்த பயணிகளின் ஆடைகளைத் துவைத்து, மடித்து, முன்பின் அறியாத குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தனர். அவ்வூர்ப் பள்ளி மாணவர் இருவர் ஆண்டுதோறும் சிரக்கியூசுக்குச் சென்று ஓராண்டு பயிலும் திட்டமும் பின்னர் உருவாயிற்று. தம்முடைய 35 பேருக்காக மட்டும் அழுதிருந்தால் இவ்வுறவு மலர்ந்திராது. பகையால் சேர்ந்தோர் பகை நீங்கியதும் பிரிவர். பிறர் துயரையும் தம் துயராக ஏற்றோர் பிரியார்.

வகுப்பறையில் 270 என்று கரும்பலகையில் எழுதுவது எளிது. அவ்வெண்ணுள் ஒருவர் யார், என்ன படித்தார், அவருக்காக யார் காத்திருந்தார் என்று மாணவரைக் கேட்கத் தூண்டுவதே ஆசிரியர் பணி. அவ்வாறு கேட்கப் பழகிய உள்ளம் மனிதரை எண்ணாகக் காணாது. வன்முறைக்கு எளிதில் இடமும் தராது.